பத்து நிமிடத்தில் சரியாகிவிட்ட கையை நம்ப வேண்டாம்

இரவில் கை விறைக்கிறது என்று திருகோணமலை உவர்மலையிலிருந்து கடிதம் எழுதிய, தையல் வேலை செய்யும் வாசகருக்கு: இதை வாசித்ததும் தையலை வைத்துவிட்டுப் புறப்படுங்கள். உவர்மலையிலிருந்து பெரியாஸ்பத்திரி தூரமில்லை. ஸ்கூட்டியில் தனியாகப் போக வேண்டாம், மகளோடு ஓட்டோவில் போங்கள். காலையில் ஓ.பி.டி. (வெளிநோயாளர் பிரிவு) வரிசையில் நின்று "கை விறைக்குது" என்று சொன்னால் விற்றமின் குளிசையோடு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் இப்படிச் சொல்லுங்கள்: "வெள்ளிக்கிழமை காலை பத்து நிமிடம் வலது கை விழுந்தது, வாய் கோணியது, பேச்சு வரவில்லை. எனக்குப் பிரஷர் இருக்கு, குளிசையை நிறுத்திவிட்டேன்."

இரவில் கைவிறைப்பு, கண்ணிமைத் துடிப்பு, பிடரி நோ, மறதி என்று எல்லாவற்றையும் விரிவாக எழுதிவிட்டு, தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து நழுவியதையும் மகளைக் கூப்பிட வாயெடுத்துச் சொல் வராமல் நின்றதையும் கடைசியில் இரண்டு வரியில் முடித்திருக்கிறீர்கள். படுத்து எழும்ப எல்லாம் போய்விட்டது என்று ஆறுதலும் பட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு வரிதான் உங்கள் வருத்தம். மற்றவை காத்திருக்கலாம்.

நடந்தது இதுதான் என்று எண்ணுவதற்கு வலுவான காரணம் இருக்கிறது: மூளைக்குப் போகும் குருதி சிறிது நேரம் தடைப்பட்டு, தடை தானாக விலகியிருக்கிறது. வைத்தியர்கள் இதை ரி.ஐ.ஏ. என்பார்கள். மூளையின் அமைப்பைப் பார்த்தால் ஏன் என்று புரியும். வலது பக்க உடலை அசைக்கும் கட்டளை மூளையின் இடது பாதியிலிருந்து புறப்படுகிறது. அதைக் கொண்டுபோகும் நரம்பு நார்களில் பெரும்பாலானவை மூளைத்தண்டின் அடியில், முண்ணாண் (முதுகெலும்புக்குள் இறங்கும் நரம்புத் தண்டு) தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, பக்கம் மாறி இறங்குகின்றன. இடது பாதியின் வெளிப்புறத்தில் கைக்கான இடமும் அதற்குக் கீழே முகத்துக்கான இடமும் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால், வலதுகைப் பழக்கமுள்ள பெரும்பாலானோருக்கு, சொல்லை உருவாக்கும் இடம். காலுக்கான இடம் மட்டும் தள்ளி, இரு பாதிகளும் ஒன்றையொன்று பார்க்கும் உட்பக்கத்தில் இருக்கிறது. கை, முகம், பேச்சு மூன்றுக்கும் குருதி கொண்டுபோவது நடு மூளை நாடி என்ற குருதிக்குழாயின் கிளைகள். காலின் இடத்துக்கு வேறொரு நாடி. உங்களுக்குக் கையும் வாயும் பேச்சும் ஒன்றாகப் போயின. காலுக்கு ஒன்றுமில்லை, நீங்களே கட்டிலுக்கு நடந்து போயிருக்கிறீர்கள். எந்த நாடி என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

இணையத்தில் தேடிவிட்டு மகன் மூளைக்கட்டி என்று சொன்னதும், நீங்கள் இரண்டு இரவு நித்திரை கொள்ளாததும் வேண்டாத துன்பம். கட்டியால் வரும் பலவீனம் பெரும்பாலும் நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் மெல்ல மெல்லக் கூடும். நொடியில் வந்து பத்து நிமிடத்தில் முழுதாக விலகுவது குருதி ஓட்டத்தின் குணம். அறிகுறிகளைத் தட்டி விடை தேடும் பழக்கத்தின் கேடு, பயம் தேவையில்லாத இடத்துக்குப் போய், ஓட வேண்டிய இடத்துக்கு ஓடாமல் இருந்துவிடுவதுதான். கொழும்பில் எம்.ஆர்.ஐ. எடுக்க அடுத்த மாதம் திகதி வாங்கியிருக்கிறீர்கள். அதுவரை இருக்க முடியாது. ரி.ஐ.ஏ.க்குப் பின் முழுப் பாரிசவாதம் (பக்கவாதம்) வரும் ஆபத்து முதல் 48 மணித்தியாலத்தில்தான் மிக அதிகம். அந்த நேரம் கடந்துவிட்டது என்பதற்காக ஆபத்து முடியவில்லை, தொடர்ந்து வரும் வாரங்களிலும் இருக்கிறது. உடனே சிகிச்சை தொடங்கினால் அதை 80 சதவீதம் வரை குறைக்க முடியும்.

ஆஸ்பத்திரியில் சீனி, கொலஸ்ட்ரோல், பிரஷர் பார்ப்பார்கள். ஈ.சி.ஜி. எடுப்பது இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கிறதா என்று அறிய. அப்படித் துடிக்கும் இதயத்தில் குருதி கட்டியாகி மூளைக்குப் போகக்கூடும், அதற்கு மருந்தே வேறு. கழுத்து நாடிகளில் கொழுப்புப் படிந்து ஒடுங்கியிருக்கிறதா என்று டொப்ளர் ஸ்கான் காட்டும். சி.ரி. ஸ்கானில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ரி.ஐ.ஏ.யில் அது வழமை. "ஸ்கான் கிளியர்" என்று சொன்னதும் குளிசைகளை விட்டுவிடாதீர்கள்.

பாமசியில் டிஸ்பிரின் (அஸ்பிரின் குளிசை) வாங்கி நீங்களாகத் தொடங்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். நாடி அடைபட்டாலும் கை விழும், நாடி வெடித்துக் குருதி கசிந்தாலும் கை விழும். வெளியிலிருந்து பார்த்து எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது, ஸ்கான்தான் பிரிக்கும். அடைப்புக்கு நல்லதான அஸ்பிரின் கசிவை மோசமாக்கும். ஸ்கான் பார்த்த வைத்தியர் எழுதித் தந்தால் ஒரு நாளும் தவறாமல் குடியுங்கள்.

மீண்டும் வந்தால் என்ன செய்வது என்று வீட்டில் எல்லோருக்கும் இன்றே சொல்லிவையுங்கள். சிரிக்கச் சொல்ல வேண்டும்: வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா? கண்ணை மூடி, உள்ளங்கை மேலே பார்க்க இரண்டு கைகளையும் நீட்டி, பத்து எண்ணும்வரை பிடிக்கச் சொல்ல வேண்டும்: ஒன்று தாழ்கிறதா? ஒரு முழு வசனம் பேசச் சொல்ல வேண்டும்: குழறுகிறதா? ஒன்று இருந்தாலே 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். சரியாகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நித்திரையால் எழும்பும்போதே கை வரவில்லையென்றால், படுக்கப் போன நேரம்தான் கணக்கு. அடைப்பைக் கரைக்கும் ஊசி வழமையாக நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டியது. ஸ்கானுக்கும் அந்த நேரத்துக்குள்தான் இடம் வேண்டும். மூளை உடலின் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வாக இருக்கும்போதும் உடல் செலவிடும் ஒட்சிசனில் 20 சதவீதம் அதற்கே போகிறது, சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது. பெரிய நாடி அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 இலட்சம் நரம்புக்கலங்கள் அழிகின்றன. அந்த நேரத்தில் சோடாவோ தண்ணீரோ வாயில் ஊற்ற வேண்டாம், விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கக்கூடும், சுவாசப்பைக்குள் போய்விடலாம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்கவும் வேண்டாம். கூடியிருக்கும் பிரஷரை உடனே இறக்க நாக்கின் கீழ் குளிசை வைப்பதும் கூடாது. அடைப்பின் பின்னால் தவிக்கும் பகுதிக்குக் கிடைக்கும் கொஞ்சக் குருதியும் அதனால் குறைந்துவிடும்.

அம்மா ஏழு வருடம் படுக்கையில் கிடந்ததைப் பார்த்த பிள்ளை நீங்கள். "நானும் அப்படி விழுந்துவிடுவேனா?" என்று நேரே கேட்காவிட்டாலும் கடிதம் முழுவதும் அந்தப் பயம்தான் இருக்கிறது. அம்மாவிடமிருந்து வந்திருக்கக்கூடியது பிரஷர் கூடும் தன்மை, படுக்கை அல்ல. பிரஷரைப் பிடித்து வைக்க முடியும். குளிசை சிறுநீரகத்தைப் பழுதாக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு நாலு மாதம் நிறுத்தியிருக்கிறீர்கள். சிறுநீரகத்தைப் பழுதாக்குவது கட்டுப்பாடில்லாத பிரஷர். மூளையின் சிறு நாடிகளைத் தடிக்கவைத்து அடைப்பதும் அதுவே. பெரும்பாலானோருக்கு 130/80க்கு அருகில் வைப்பது இலக்கு, உங்களுக்கு எவ்வளவு என்பதைக் கிளினிக்கில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது விளிம்பு மட்டத்துக்கு நிரப்பிய ஒரு தேக்கரண்டி, கறியிலும் சம்பலிலும் போவது எல்லாம் சேர்த்து. கருவாட்டுக் குழம்பு வாரத்தில் நாலு நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் குறைக்கத்தான் வேண்டும்.

இனி மற்றவை. இமைத் துடிப்பு நித்திரைக் குறைவும் ஆறு தேத்தண்ணியும் செய்யும் வேலை. பிடரி நோ குனிந்து தைக்கும் தசையின் நோ, மூளைக்கென்று வலி உணர்வே இல்லை. கத்தரிக்கோலை எங்கே வைத்தேன் என்று தேடுவது நோயல்ல.

இரவில் விறைப்பது பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என்றும், உதறினால் விடுகிறது என்றும் சொல்கிறீர்கள். அது மணிக்கட்டில் எலும்புக்கும் தசைநாருக்கும் நடுவே போகும் நரம்பு நெருக்கப்படுவது. வெள்ளிக்கிழமை நடந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை. நெருக்கப்பட்ட நரம்பு கூச்சத்தோடு மெல்லத் தொடங்கும், பேச்சைத் தொடாது. மணிக்கட்டை நேராகப் பிடிக்கும் பட்டையை ஆறு வாரம் இரவில் கட்டுங்கள். சீனியோடு தைரொயிட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பி விற்றமின் குளிசையை மூன்று பெயரில் வாங்கிக் குடிப்பதை நிறுத்துங்கள். அவற்றிலுள்ள பி6 அளவு கூடி மாதக்கணக்கில் சேர்ந்தால் அதுவே நரம்பைக் கெடுத்துக் கால் விறைக்க வைக்கும். பெருவிரலின் அடிச்சதை மெலிந்தாலோ ஊசி பிடிக்கும் பலம் குறைந்தாலோ பட்டை போதாது, சத்திரசிகிச்சை வைத்தியரிடம் காட்ட வேண்டும்.