சிகாகோ, டல்லாஸ், ஆம்ஸ்டர்டாம், மாட்ரிட்: எந்த ஊர் வானிலை நமக்கு ஒத்துவரும்?

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் சேலம். கம்பெனி மூன்று வருடத்துக்கு வெளிநாடு அனுப்புகிறது. சிகாகோ, டல்லாஸ், ஆம்ஸ்டர்டாம், மாட்ரிட் இந்த நான்கில் ஒன்றை நானே தேர்ந்தெடுக்கலாம். ஆறு வயது மகளுக்கு வீசிங் உண்டு. மூட்டு வலி உள்ள அம்மாவும் அவ்வப்போது வந்து தங்குவார். "அமெரிக்கா ஒரே நாடு, எங்கே போனாலும் ஒரே மாதிரிதான். ஐரோப்பாவில்தான் நாட்டுக்கு நாடு மாறும், குளிரும் அதிகம்" என்கிறார்கள் நண்பர்கள். சரியா? எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: நண்பர்கள் சொல்வது ஏறக்குறைய தலைகீழ். பரப்பளவில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் கிட்டத்தட்ட சமம்தான், ஒவ்வொன்றும் சுமார் ஒரு கோடி சதுர கிலோமீட்டர். ஆனால் காலநிலை வகைகள் அமெரிக்காவில்தான் அதிகம். உலகின் காலநிலையைக் கோப்பன் என்ற அறிஞர் ஐந்து பெரும் பிரிவாகப் பிரித்தார். வெப்பமண்டலம், வறண்டது, மிதமானது, கடுங்குளிர்காலம் கொண்டது, துருவம் சார்ந்தது என்ற ஐந்தும் அமெரிக்காவில் உண்டு. மயாமியின் காலநிலை நம் கேரளக் கடற்கரை சேர்ந்திருக்கும் அதே பருவமழை வகை. ஐரோப்பிய நிலப்பரப்பில் வெப்பமண்டலம் கிடையாது. பாலைவனம் என்று பார்த்தால் தெற்கு ஸ்பெயினின் தபெர்னாஸ் போலச் சிறு துண்டுதான்.

ஆனால் குடும்பத்தோடு போகிறவர், ஒரு கண்டத்தில் எத்தனை வகை இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுக்க முடியாது. நீங்கள் வாழப்போவது ஒரே ஒரு ஊரில். அந்த ஒரு ஊரில் வானிலை எவ்வளவு வேகமாகப் புரளும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அங்கேதான் இரண்டு பகுதிகளும் நிஜமாகவே வேறுபடுகின்றன.

காரணம் மலைகள். அமெரிக்காவில் ராக்கி மலைத்தொடர் வடக்கு தெற்காக நிற்கிறது. அதற்குக் கிழக்கே கனடாவிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை குறுக்கே பெரிய மலை எதுவும் இல்லை. சைபீரியக் குளிரை இமயமலை தடுக்காவிட்டால் டெல்லியின் ஜனவரி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்கச் சமவெளிக்கு அந்தத் தடுப்பு இல்லை. வடக்கிலிருந்து உறைகுளிர் நேராக இறங்கும், தெற்கிலிருந்து ஈரமான வெப்பம் நேராக ஏறும். இரண்டும் மோதும் இடத்தில் டொர்னாடோ எனப்படும் சுழற்காற்றுகள் பிறக்கின்றன. ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல் பதிவாகின்றன. 1916 ஜனவரியில் மொன்டானாவின் பிரௌனிங் என்ற ஊரில் 24 மணி நேரத்துக்குள் வெப்பநிலை சுமார் 7 டிகிரியிலிருந்து மைனஸ் 49-க்குச் சரிந்தது.

ஐரோப்பாவில் ஆல்ப்ஸும் பிரனீஸும் கிழக்கு மேற்காகக் கிடக்கின்றன. மேற்கே அட்லாண்டிக் கடலுக்கு வாசல் திறந்தே இருக்கிறது. வெப்பமான கடல்நீரோட்டத்தின் மேல் வரும் மேற்குக் காற்று உள்ளே வரை நுழைந்து குளிரைத் தணிக்கிறது. அதனால் அங்கே குளிர் கூடுவது வடக்கே போனால் மட்டும் அல்ல, கிழக்கே போனாலும்தான். டப்ளின், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், வார்சா நான்கும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஜனவரி சராசரி டப்ளினில் 5 டிகிரிக்கு மேல், ஆம்ஸ்டர்டாமில் 4-ஐ ஒட்டி, பெர்லினில் சுமார் 1, வார்சாவில் பூஜ்யத்துக்குக் கீழ். இன்னொன்று: ரோம் நகரமும் சிகாகோவும் ஒரே அட்சரேகை. ரோமில் ஜனவரி சராசரி சுமார் 7 டிகிரி. சிகாகோவில் சராசரியே மைனஸில்.

சரி, உங்கள் நான்கு ஊர்களுக்கு வருவோம்.

சிகாகோவில் 2019 ஜனவரி 30 அன்று மைனஸ் 31 டிகிரி வரை போனது. வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும் மாதங்களில் காற்று மிகவும் உலர்ந்துவிடும், வெளியே உறைகாற்று. இரண்டுமே வீசிங் உள்ள குழந்தைக்குச் சிரமம். அம்மாவைப் பொறுத்தவரை, எனக்கு மூட்டு வலியைவிடப் பெரிய பயம் பனிக்கட்டி படிந்த நடைபாதைதான். இந்த ஊரைத் தவிர்க்கச் சொல்வேன்.

டல்லாஸில் குளிர்காலம் பொதுவாக லேசானது, அதனால் நம்மவர்கள் விரும்புகிறார்கள். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் பகல் 36 டிகிரியை ஒட்டியே நிற்கும். வசந்த காலத்தில் ஆலங்கட்டி மழையும் சுழற்காற்றும் வரும். 2021 பிப்ரவரியில் மைனஸ் 19 வரை போய், டெக்சாஸில் லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரமும் நின்றது. குளிர்காலத்தில் சீடர் மர மகரந்தம் பரவுவதும் உங்கள் மகளுக்காகக் கவனிக்க வேண்டிய விஷயம்.

ஆம்ஸ்டர்டாமின் பிரச்சினை குளிர் என்று எல்லோரும் நினைப்பார்கள். எனக்கு அது இருட்டாகத்தான் படுகிறது. டிசம்பரில் காலை எட்டே முக்காலுக்கு உதிக்கும் சூரியன் மாலை நாலரைக்கு மறைந்துவிடும். பெங்களூருவில் மிகக் குறுகிய பகலே பதினொன்றே கால் மணி நேரத்துக்கு மேல். மழை அளவைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், பெங்களூருவில்தான் அதிகம். நமக்கு அது மாலையில் கொட்டிவிட்டுப் போய்விடும். அங்கே வருடம் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும், காற்றும் கூடவே. இப்படி வெயில் குறைந்த நாடுகளில் நம் நிறத்தவர்களுக்கு வைட்டமின் டி குறைவது சகஜம். பிரிட்டனின் அரசு மருத்துவ சேவை, தெற்காசிய வம்சாவளியினர் ஆண்டு முழுவதும் தினம் 10 மைக்ரோகிராம் எடுப்பது பற்றி யோசிக்கச் சொல்கிறது.

என் தேர்வு மாட்ரிட். கடல் மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர் உயரம், வறண்ட காற்று, ஆண்டுக்கு 2,700 மணி நேரத்தை ஒட்டிய வெயில். ஜனவரி இரவில் பூஜ்யத்தைத் தொட்டாலும் பகலில் 10 டிகிரிக்கு வந்துவிடும், பெரும்பாலும் வானமும் தெளிந்திருக்கும். அம்மா மதியம் ஒரு கோட்டோடு பூங்காவில் உட்காரலாம். குறைகளும் உண்டு. ஜூலையில் பகல் 33 டிகிரி சாதாரணம், வெப்ப அலை வந்தால் 40-ஐத் தொடும். மேல்மாடி வீடு வேண்டாம். ஏசி இருக்கிறதா, ஜன்னலுக்கு வெளியே இறக்கும் ஷட்டர் இருக்கிறதா என்று பார்த்து வாடகைக்கு எடுங்கள். மார்ச் கடைசியிலிருந்து ஜூன் வரை பிளேன் மரம், புல், ஆலிவ் என மகரந்தம் மாறி மாறி வரும். சில நாட்கள் சஹாரா தூசியும் வந்து சேரும். புறப்படுவதற்கு முன் மகளை அவளுடைய மருத்துவரிடம் காட்டி, மருந்துகளின் பொதுப் பெயரோடு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே பிராண்டு பெயர்கள் வேறாக இருக்கும்.

கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் கனமான ஸ்வெட்டர்களை வாங்கிக் குவிக்காதீர்கள். உடம்போடு ஒட்டும் தெர்மல் இரண்டு ஜோடி இங்கேயே வாங்கலாம். காற்றும் தண்ணீரும் புகாத மேல்கோட்டும் காலணியும் அங்கே போய் வாங்குவதே நல்லது. முடிந்தால் செப்டம்பரில் போய்ச் சேருங்கள். வெயில் தணிந்திருக்கும், பள்ளி திறக்கும், குளிர் படிப்படியாக வருவதால் குழந்தையின் உடம்பு பழகிக்கொள்ளும். அம்மாவின் டிக்கெட்டை செப்டம்பர், அக்டோபருக்கே போடுங்கள். அடுத்த வருடம் வருவதென்றால் மே மாதமும் நன்றாக இருக்கும்.