ஜாமீன் கிடைத்தும் தம்பி வெளியே வரவில்லையே?

கேள்வி: பைக் திருட்டு வழக்கில் என் தம்பி புழல் சிறையில் இருக்கிறான். ஜாமீன் உத்தரவாகி 24 நாள் ஆகிறது. தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர் வேண்டுமாம். எங்கள் சொந்தத்தில் எல்லோரும் வாடகை வீடு. எட்டாயிரம் கொடுத்தால் வீட்டு வரி ரசீதோடு ஆள் நிறுத்துவதாகக் கோர்ட் வாசலில் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, திருவள்ளூர் மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அந்த 10,000-ஐ இப்போது யாரும் கட்டப்போவதில்லை. தம்பி வாய்தாவுக்கு வராமல் ஓடிப்போனால் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுப்பதுதான் ஜாமீன். கட்ட வேண்டாத பணத்துக்கு எட்டாயிரம் கமிஷனா?

ஒரே வரி ரசீதை ஒரே வாரத்தில் மூன்று கோர்ட்டில் பார்த்தவன் நான். மூலையிலிருந்த டீக்கறைகூட ஜெராக்ஸில் அப்படியே விழுந்திருந்தது. இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறேன் என்று ஜாமீன்தாரர் கோர்ட்டில் உறுதி சொல்ல வேண்டும். அதில் பொய் வெளிப்பட்டால் தம்பி மறுபடி உள்ளே போவான், புது எஃப்.ஐ.ஆரில் உங்கள் பெயரும் ஏறலாம். புரோக்கர் மட்டும் மறுநாளும் அதே வேப்பமரத்தடியில் நிற்பார்.

வாடகை வீட்டில் இருப்பவர் ஜாமீன் நிற்கக்கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. மாவட்ட கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100-க்குப் போன் செய்தாலும் போதும். சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். ஜாமீன்தாரர் இல்லாமல், தம்பியே எழுதிக் கொடுக்கும் சொந்தப் பிணையில் விடும்படி நிபந்தனையை மாற்றக் கேட்டு மனுப் போடச் சொல்லுங்கள். ஏழைக் கைதிகளின் ஜாமீனுக்குப் பண உதவி தரும் மத்திய அரசுத் திட்டம் 2023-இல் வந்தது. அதையும் அங்கேயே கேளுங்கள்.

உண்மையில் நீங்கள் அலையவே வேண்டியதில்லை. ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளரே ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதம் தாண்டினால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே பார்க்கலாம் என்று 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 24 நாளாக அந்தக் கடிதம் எந்த மேஜையில் தூங்குகிறதோ! 1978-இல் மோத்தி ராம் என்ற கொத்தனாரிடமும் இதே பத்தாயிரம்தான் கேட்டார்கள். அண்ணன்தம்பி ஜாமீன் நிற்க வந்தும், சொத்து வேறு மாவட்டத்தில் என்று தள்ளினார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். இவர்களில் காசுள்ளவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

இதற்கெல்லாம் முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். துப்புக் கிடைக்காத வண்டிகளையெல்லாம் பிடிபட்டவன் தலையில் கட்டுவது போலீசின் பழைய வித்தை. பி.டி. வாரண்ட் (கைதியைச் சிறையிலிருந்து கோர்ட்டுக்குக் கொண்டுவரும் உத்தரவு) போட்டு, சிறையில் இருப்பவனையே இன்னொரு வழக்கில் கைது காட்டிவிடுவார்கள். அப்படி இருந்தால், இந்த வழக்கில் பத்து பேர் ஜாமீன் நின்றாலும் கேட் திறக்காது. அந்த வழக்கிலும் தனியாக ஜாமீன் வாங்கியாக வேண்டும். இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது இவருக்கு ஓராண்டு, உள்ளே இருந்தால் விட வேண்டும் என்று 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் இருக்கிறது. இன்னொரு வழக்கு நிலுவையில் இருந்தால் அந்தச் சலுகையும் கிடையாது. எட்டாயிரம் வாங்குகிறவர் இதைச் சொல்லவே மாட்டார்.

அடுத்த முறை மனுப் போட்டுத் தம்பியைப் பார்க்கும்போது, வேறு ஸ்டேஷன் போலீஸ் யாராவது வந்து கையெழுத்து வாங்கினார்களா என்று கேளுங்கள்.