போன்ல சொன்ன டோஸ் சரியா கேக்கலைன்னா என்ன பண்றது?

மேலூர் பக்கத்துல இருந்து ஒரு நர்ஸ் தங்கச்சி கேட்டிருக்காங்க: மதுரைல பிரைவேட் ஆஸ்பத்திரில நைட் டூட்டி, டாக்டர் போன்லயே ஆர்டர் சொல்லிடுறாரு, பாதி கேக்க மாட்டேங்குது, திரும்பக் கேட்டா வையிறாரு, என்ன செய்ய?

தங்கச்சி, திரும்பக் கேக்காதீங்க, திரும்பச் சொல்லுங்க. "என்ன சார் சொன்னீங்க"ன்னா தூக்கக் கலக்கத்துல இருக்கவருக்கு சுருக்குனு கோவம் வரும். "எழுதிட்டேன் சார், வாசிக்கிறேன்"னு நோயாளி பேரு, மருந்து, அளவு, ஊசியா மாத்திரையா, எத்தனை தடவைன்னு மடமடன்னு வாசிச்சு, அவரு சரின்னு சொல்ற வரைக்கும் போனை வைக்காதீங்க. இதுக்குப் பேருதான் ரீட்-பேக். என்ஏபிஹெச்ங்கிற தரச் சான்று வாங்கின ஆஸ்பத்திரின்னா வாய்மொழி ஆர்டருக்குன்னு பாலிசி எழுதி வச்சிருப்பாங்க, கேட்டு வாங்கிப் படிங்க, உங்களுக்குத் தெம்பா இருக்கும்.

இதுல நம்பர்தான் பெரிய வில்லன். நானே ஒருதடவ இன்சுலின் ஃபிஃப்டீன்னு சொன்னதை ஃபிஃப்டின்னு கேட்டுட்டு மருந்தை இழுக்குறேன், சிவப்பு மூடி சிரிஞ்சு 40 யூனிட்டோட முடிஞ்சு போச்சு, இன்னும் 10 வேணுமேன்னு நின்னப்பதான் திக்குனு ஆச்சு, அந்த சிரிஞ்சுதான் அன்னிக்கு ஒரு உசுரைக் காப்பாத்துச்சு. அன்னைல இருந்து நம்பரை மட்டும் தமிழ்ல சொல்லிருவேன், பதினஞ்சையும் அம்பதையும் எந்தக் காதும் குழப்பிக்காது பாருங்க. எழுதும்போதும் யூனிட்னு முழுசா எழுதுங்க, வெறும் யூ போட்டா அது சுழியாத் தெரிஞ்சு 10 வந்து 100 ஆயிரும்.

நீங்க கூப்பிடுறப்பவும் "பேஷன்ட் ஒரு மாதிரி இருக்காரு சார்"னு ஆரம்பிக்காதீங்க, அதுக்குத்தான் பாதி டாக்டருங்க எரிஞ்சு விழுறாங்க (அவுகளையும் முழுசா குத்தம் சொல்ல முடியாது). "நேத்து வயித்துல ஆபரேஷன் ஆனவரு, பத்து மணிக்கு பிபி 120, இப்ப 84, நாடி 126, உள்ள ரத்தம் கசியுதோன்னு தோணுது, நேர்ல வந்து பாக்கணும் சார்"னு ஒரே மூச்சுல சொல்லுங்க. இதை எஸ்பார் (SBAR)னு சொல்லுவாங்க, அதாவது நிலவரம், பின்னணி, நம்ம கணிப்பு, என்ன செய்யணும்ங்கிற நாலையும் சுருக்கமாச் சொல்றது, அமெரிக்க கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்ல இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த பழக்கம்.

அப்பவும் வைஞ்சுட்டு கட் பண்ணிட்டாருன்னா சந்தேகத்தோட மருந்தைப் போடாதீங்க. கேஷுவால்ட்டில இருக்க டூட்டி டாக்டரை உடனே மேல வரச் சொல்லுங்க, எத்தனை மணிக்குக் கூப்பிட்டீங்க, அவரு என்ன சொன்னாருன்னு நர்ஸஸ் நோட்ஸ்ல எழுதிட்டு, காலைல ரவுண்ட்ஸ் வரும்போது போன் ஆர்டர் எல்லாத்துலயும் கையெழுத்து வாங்கிருங்க.