பார்மிக் ஆசிட் கேன் வெயிலில் உப்பினால் கலப்படமா?

கேள்வி: பேரணாம்பட்டில் சிறிய அளவில் தோலுக்குச் சாயம் ஏற்றித் தருகிறோம். சாயத்தைத் தோலில் நிலைநிறுத்த வாங்கும் 85 சதவீத பார்மிக் ஆசிட் கேன்கள் சித்திரை வெயிலில் உப்பிக்கொள்கின்றன. கலப்படமா? கிலோவுக்கு விலை குறைத்து வேறு சரக்கு தருவதாகத் தரகர் ஒருவர் சொல்கிறார், வாங்கலாமா?

பதில்: உப்புவதை மட்டும் வைத்துக் கலப்படம் என்று சொல்ல முடியாது. சூட்டில் பார்மிக் ஆவியாகும். கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து தண்ணீராகவும் கார்பன் மோனாக்சைடாகவும் பிரியும். மோனாக்சைடுக்கு நிறமோ வாடையோ கிடையாது, ஆளைச் சாய்க்கும். கேன்களைத் தகரக் கூரைக்கு அடியிலிருந்து நிழலுக்கு மாற்றுங்கள். காற்றுப் போக்கு உள்ள மூடியாகக் கேட்டு வாங்குங்கள். உப்பிய கேனை வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்து, பாதுகாப்புக் கண்ணாடியும் நியோப்ரீன் (ரசாயனம் தாங்கும் ரப்பர்) கையுறையும் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு மூடியைக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். ‘உஸ்’ சத்தம் அடங்கிய பிறகு மீதி. துணி மாஸ்க் இதற்கு உதவாது.

தரகர் சரக்கு வேண்டாம். அது சீல் உடைத்து வேறு கேனில் ஊற்றியதாக இருந்தால், தண்ணீரோ கந்தக அமிலமோ சேர்ந்திருக்கலாம். கூடவே வரும் சான்றிதழ் பேட்ச் எண் இல்லாத ஜெராக்ஸாகவும் இருக்கலாம். நீங்களே சோதியுங்கள்: 1 கிராம் சரக்கைத் தண்ணீரில் கரைத்து, நிறம் மாறிக் காட்டும் பீனாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, 1 நார்மல் செறிவுள்ள காஸ்டிக் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். 18.5 மில்லியில் இளஞ்சிவப்பு வந்தால் 85 சதவீதம். 15 மில்லியிலேயே வந்தால் 69தான்.

ஆனால் தண்ணீரோடு கந்தக அமிலமும் விட்டிருந்தால் கணக்கு 18.5-க்கே வந்து நிற்கும், ஏமாந்துபோவீர்கள். அதனால் இன்னொரு துளி சரக்கைக் கரைத்துப் பேரியம் குளோரைடு விடுங்கள். வெள்ளையாகக் கலங்கினால் கந்தக அமிலம் இருக்கிறது, திருப்பி அனுப்புங்கள். இதை டிஸ்டில்டு வாட்டரில்தான் செய்ய வேண்டும். போர் தண்ணீரில் செய்தால் அதிலுள்ள சல்பேட்டே கலங்கலைக் காட்டும். நல்ல சரக்கு மேலும் பழி விழும். பார்மிக் உலரும்போது ஆவியாகப் போய்விடும். கந்தக அமிலம் தோலிலேயே தங்கி நாரை அரிக்கும், சாயமும் திட்டுத்திட்டாக நிற்கும்.

ஷேவ் செய்த வெட் ப்ளூ (குரோமில் பதனிட்ட ஈரத்தோல்) 100 கிலோவுக்கு பார்மிக் 1 முதல் 1.5 கிலோ போதும். பத்து மடங்கு பச்சைத் தண்ணீரில் ஆசிட்டை ஊற்றுங்கள், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. மூன்று தவணையாக, 10-15 நிமிட இடைவெளியில் டிரம்மில் விடுங்கள். தோலின் ஓரத்தை வெட்டி, அமிலத்தன்மைக்கு ஏற்ப நிறம் மாறும் புரோமோகிரசால் கிரீன் தடவிப் பாருங்கள். வெட்டுமுகம் முழுக்க மஞ்சளானால் pH 3.8-க்குக் கீழே வந்துவிட்டது. நடுவில் பச்சைக் கோடு தெரிந்தால் இன்னும் ஓட்டுங்கள்.

மேலே தெறித்தால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, சோடா தடவாதீர்கள். கண்ணில் பட்டால் கழுவிய கையோடு ஆஸ்பத்திரி. ஆய்வுக்கு வருபவர்கள் ரிஜிஸ்டரைப் புரட்டுவார்கள், குழாயைத் திறந்து பார்க்க மாட்டார்கள். தினமும் நீங்கள் திறந்து பாருங்கள்.

மிஞ்சிய கந்தக அமிலத்தைப் பார்மிக் கேனில் ஊற்றாதீர்கள், மோனாக்சைடு பொங்கும். தோலில் முடி நீக்கும் சல்பைடு பிடித்த வாளியில் பார்மிக்கை ஊற்றினால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு வரும். பார்மிக்குக்கும் சல்பைடுக்கும் வேறு வேறு நிறத்தில் வாளி வாங்கிவிடுங்கள்.