எல்5-எஸ்1 டிஸ்க்: நெட்டி முறித்தால் உள்ளே போகுமா?

நண்பரே, கீழ் முதுகில் எல்5-எஸ்1 டிஸ்க் (கடைசி இடுப்பு முள்ளெலும்புக்கும் அதற்குக் கீழுள்ள எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் வட்டு) பிதுங்கி இடது கால் சுண்டுவிரல் வரை வலி இழுக்கிறது, கைரோபிராக்டர் (கையால் முதுகெலும்பை அழுத்தி, முறுக்கிச் சிகிச்சை செய்பவர்) ஒரே தடவையில் அதை உள்ளே தள்ளிவிடுவாரா என்று கேட்டிருந்தீர்கள். தள்ள முடியாது. அவர் முதுகை முறுக்கும்போது வரும் 'டொக்' சத்தம் விரலில் நெட்டி முறிப்பது மாதிரிதான். மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழி. சிலருக்கு வலி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். (நெட்டி முறிக்கும் வீடியோக்கள் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன!)

முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது காலில் மட்டும் நின்று குதிகாலைப் பத்து முறை தூக்கிப் பாருங்கள். வலது காலில் முடிவது இதில் முடியாவிட்டால் நரம்பு நசுங்கியிருக்கலாம்; யாரையும் முதுகை முறுக்க விடாமல் முதுகெலும்பு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ உடனே அவசரப் பிரிவு. இதெல்லாம் இல்லையா? சரி, பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரத்தில் வலி தானாகவே தணியும். அதுவரை படுத்தே கிடக்காமல் மெதுவாக நடங்கள்.