பதில்: விண்வெளிப் பேரரசை நடத்தும் ஸ்டெல்லாரிஸ் கணினி விளையாட்டு, ஆட்டத்தின் 2350ஆம் ஆண்டுக்குப் பிறகு ஊர்ந்து போகிறது, கிராபிக்ஸ் கார்டு மாற்றலாமா?

கார்டை மாற்ற வேண்டாம், பயன் இருக்காது. ஆட்டத்தில் ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் திக்கி நிற்கிறது என்கிறீர்களே, அதுதான் துப்பு. கேலக்ஸியில் உள்ள எல்லாப் பேரரசுகளின் மக்களுக்கும் வேலை, வளர்ச்சி, இடப்பெயர்வு எல்லாம் கணக்கிடுவது கணினியின் மையச் செயலியான சிபியு. அதிலும் பெரும்பங்கு அதன் ஒரே கோரின் (உள்ளிருக்கும் செயலி அலகின்) வேகத்தை நம்பியிருக்கிறது.

800 நட்சத்திரம் வைத்து நடக்கும் இந்த ஆட்டத்தைப் பெரிதாகக் காப்பாற்ற முடியாது. கேலக்ஸி அமைப்புகளை நடுவில் மாற்ற வழியில்லை. அடுத்ததில் 400 நட்சத்திரம், 6 ஏஐ பேரரசு, வாழத்தக்க கோள்கள் 0.5 மடங்கு என்று வையுங்கள். மூன்றில் கடைசிதான் முக்கியம்: கோள் குறைந்தால் மக்கள்தொகை எல்லோருக்கும் சேர்ந்தே குறையும். இனக்கலப்பு வசதியையும் அணைத்துவிடுங்கள், கலப்பினங்கள் பெருகினால் கணக்கும் பெருகும்.

2300க்கு மேல் சலிப்பாக இருக்கிறது என்றது வேறு கோளாறு, இது வடிவமைப்பின் குறை. ஆட்டம் 2200இல் தொடங்க, இறுதிக்கட்டம் இயல்பாக 2400இல்தான் வருகிறது. அதற்குள் நீங்கள் எல்லோரையும் மிஞ்சிவிடுவீர்கள். மிச்சம் கோள்களில் கட்டடம் கட்டும் குமாஸ்தா வேலைதான். அடுத்த ஆட்டத்தின் அமைப்புகளில் நடுக்கட்டத்தை 2260, இறுதிக்கட்டத்தை 2330 என்று முன்னுக்கு இழுங்கள். நெருக்கடியின் (இறுதிக்கட்டத்தில் கேலக்ஸியையே தாக்க வரும் பேராபத்தின்) பலத்தை மட்டும் முதல் தடவை கூட்டாதீர்கள், கடற்படை தயாராக இருக்காது.

ஆராய்ச்சியும் மந்தமாகிவிட்டது என்றீர்களே, அதற்குக் காரணம் பேரரசின் அளவு என்று ஆட்டம் காட்டும் எண். அது 100ஐத் தாண்டினால் தொழில்நுட்பச் செலவு ஏறும். தூரத்து செக்டாரை (உங்கள் பேரரசின் ஒரு வட்டாரத்தை) உங்களுக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசாகப் பிரித்துவிட்டால் அளவு இறங்கும். ஆட்டத்தின் வேகம் மட்டும் அதனால் அதிகரிக்காது, அந்த மக்கள் வரைபடத்தில்தானே இருக்கிறார்கள்.