எட்டுப் பற்களுக்கும் கேப் போட அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார், இப்போது மறுக்கலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. தருமபுரி மாவட்டத்தில் ஒரு கிராமம். சின்ன வயதில் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்ததால் மேல் முன்பற்களில் பழுப்புக் கறை. நடுவில் சின்ன இடைவெளியும் உண்டு. தை மாதம் கல்யாணம். சேலத்தில் ஒரு பல் மருத்துவமனைக்குப் போனோம். மேல்வரிசையில் எட்டுப் பற்களையும் ராவி, மேலே கேப் என்ற உறை போட்டால் இரண்டே வாரத்தில் முடிந்துவிடும், தேவைப்பட்டால் முதலில் ரூட் கேனல் என்ற வேர் சிகிச்சை செய்துகொள்ளலாம் என்றார்கள். மொத்தம் 1,20,000 ரூபாய். 30,000 முன்பணம் கட்டிவிட்டோம். மீதிக்கு அங்கேயே என் செல்போனில் இ.எம்.ஐ. கடனும் போட்டுக் கொடுத்தார்கள். நான் எக்ஸ்ரே அறையில் இருந்தபோது ஒப்புதல் படிவத்தில் அம்மா கையெழுத்துப் போட்டார். பிறகு பார்த்த வேறொரு பல் டாக்டர், "இவ்வளவு நல்ல பல்லை எதுக்கும்மா ராவணும்?" என்கிறார். மருத்துவமனையோ, கையெழுத்துப் போட்டாச்சு, பணம் திரும்பாது என்கிறது. வரும் வியாழக்கிழமை பல்லை ராவ நாள் குறித்திருக்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சகோதரி. வியாழக்கிழமை நீங்கள் போக வேண்டிய கட்டாயம் சட்டத்தில் எங்கும் இல்லை. அம்மா போட்ட கையெழுத்து உங்களைக் கட்டுப்படுத்தாது. நீங்களே போட்டிருந்தாலும், சிகிச்சை தொடங்கும் வரை "வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பணத்தைப் பற்றிய கணக்கு வேறு, உடம்பைப் பற்றிய சம்மதம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டி உங்களைப் பயமுறுத்துகிறார்கள்.

கையெழுத்து விஷயத்தில் உச்ச நீதிமன்றத்தின் நேரடியான தீர்ப்பே இருக்கிறது. சமீரா கோலி வழக்கு, 2008 ஜனவரி. வயிற்றில் சின்னத் துளை போட்டு கேமரா வழியாகப் பார்க்கும் லேப்ராஸ்கோபி பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்த பெண் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த தாயாரிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். சுயமாக முடிவெடுக்கக்கூடிய, வயது வந்த நோயாளி இருக்கும்போது, உயிருக்கு ஆபத்தான அவசரம் எதுவும் இல்லையென்றால், தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். மயக்கம் தெளியும்வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் காரணம். நீங்கள் மயக்கத்தில்கூட இல்லை, பக்கத்து அறையில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தீர்கள். ஐந்து நிமிடம் காத்திருந்தால் உங்களிடமே கேட்டிருக்கலாம்.

சம்மதம் என்றால் என்ன என்பதையும் அதே தீர்ப்பு விளக்கியது. என்ன சிகிச்சை, எதற்காக, பலன் என்ன, முக்கியமான அபாயம் என்ன, செய்யாமல் விட்டால் என்ன ஆகும், இதற்கு மாற்று வழி உண்டா, இவ்வளவையும் நோயாளிக்குப் புரியும்படி சொல்லியிருக்க வேண்டும். உங்கள் வழக்கில் என் கண்ணில் படுவது கடைசி விஷயம்தான். மாற்று வழி என்று ஒரு வார்த்தைகூட உங்களிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

எந்தச் சிகிச்சை நல்லது என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை, அதைப் பல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இந்த வகை வழக்குகளைப் பார்க்கும் வக்கீல் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் இருக்க முடியாது. எது திரும்பி வரும், எது வராது? பல்லின் கடினமான மேல் படலமான எனாமல் ஒருமுறை போனால் மறுபடி வளராது. ப்ளீச்சிங், அதாவது மருந்து வைத்து வெளுக்கச் செய்வதில், பல்லை ராவுவதில்லை. மைக்ரோ அப்ரேஷன் என்ற முறையில் மேல் பூச்சைப் போல மிக மெல்லிய படலத்தை மட்டும் நீக்குகிறார்கள். உங்களுடையதைப் போல, தண்ணீரில் உள்ள ஃப்ளோரைடால் வந்த கறை லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் இந்த இரண்டையும் முதலில் யோசிப்பது வழக்கம். இடைவெளியை மூட காம்போசிட் பாண்டிங் உண்டு. பல்லின் நிறத்திலேயே ஒரு பொருளை வைத்து உருவம் கொடுப்பார்கள், பெரும்பாலும் ராவத் தேவையில்லை. சில வருடங்களில் அது மங்கலாம், உடையலாம், மறுபடி செய்ய வேண்டி வரும். ஆனால் அடியில் உங்கள் பல் முழுதாக இருக்கும். வெனீர், அதாவது பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடு என்றால், முன்பக்கத்தில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் எடுப்பார்கள். கேப் என்றால் பல்லைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரை போய்விடும். பல்லின் தெரியும் பகுதியில் பாதிக்கு மேல் அப்படிப் போவது சாதாரணம். அப்புறம் அந்தப் பல்லுக்கு ஆயுள் முழுக்க ஏதாவது ஒரு உறை வேண்டும். கேப்புக்கும் ஆயுள் உண்டு, 26 வயதில் போட்டால் வாழ்நாளில் ஒருமுறைக்கு மேல் மாற்ற வேண்டி வரலாம்.

பாதி உடைந்த பல்லுக்கும் ஏற்கெனவே ரூட் கேனல் செய்த பல்லுக்கும் கேப் அருமையான சிகிச்சை, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் சொத்தையோ வலியோ இல்லாத எட்டுப் பற்களை, அதுவும் வேர் சிகிச்சை வரை யோசித்து, கறைக்காகவும் ஒரு சின்ன இடைவெளிக்காகவும் ராவுவது என்றால், "ஏன் இதைவிடக் குறைந்த சிகிச்சை போதாது?" என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் இருக்க வேண்டும். கல்யாணத் தேதி அந்தப் பதில் ஆகாது.

ஊர் சம்பந்தமாக ஒன்று. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வருவதற்கு முன் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரைக் குடித்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கே உங்களுக்கு இருக்கும் கறைதான் இருக்கிறது. பல் உருவாகும் வயதில் அதிக ஃப்ளோரைடு உள்ளே போனதால் வந்தது இது. உங்கள் குறை இல்லை, பல் தேய்க்காததால் வந்ததும் இல்லை. இதைச் சொல்லக் காரணம் உண்டு. இப்படிக் கறை உள்ள பெண்களுடைய கூச்சத்தின் மேல் பேக்கேஜ் விற்கிறார்கள், அதைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஃப்ளோரைடு பாதித்த எனாமலில் வெனீரும் பாண்டிங்கும் ஒட்டும் பிடிப்பு மற்ற பற்களைவிடக் குறையலாம். ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும் இதைத் தனியாகக் கேளுங்கள்.

இனி பணம். மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019-இல் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அதை மாற்றக் கேட்டுப் போன மனுவும் 2022-இல் உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியாகிவிட்டது. எனவே நீங்கள் நுகர்வோர்தான். "பணம் திரும்பாது" என்று ரசீதின் கீழே அச்சடித்துவிட்டால் அது சட்டமாகிவிடாது. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74-இன்படி, ஒப்பந்தம் முறிந்தால் மறுதரப்பு பெறக்கூடியது நியாயமான இழப்பீடு மட்டுமே. உண்மையான நட்டத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத அபராதத்தை, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது. பார்த்ததற்கான கட்டணம், எக்ஸ்ரே, அளவு எடுத்திருந்தால் அதன் செலவு, இவற்றைக் கழிப்பது நியாயம், அதை நீங்களும் ஒத்துக்கொள்ளுங்கள். ஒரு பல்லைக்கூடத் தொடாமல் முப்பதாயிரத்தையும் வைத்துக்கொள்வதை நியாயம் என்று காட்டுவது அவர்களுக்குச் சுலபமாக இருக்காது.

கடன்தான் எனக்கு அதிகக் கவலை. சிகிச்சையை நிறுத்தினாலும் கடன் தானாக நிற்காது, அது நிதி நிறுவனத்தோடு நீங்கள் செய்த தனி ஒப்பந்தம். மருத்துவமனையோடு சண்டை என்று தவணையை நிறுத்தினால், பின்னால் கடன் கேட்கும்போது வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் அடிவாங்கும். செல்போன் வழியாகத் தரும் கடன்களுக்கு, அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ள ஒரு குறுகிய கால அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அசலையும் அத்தனை நாள் வட்டியையும் கட்டி வெளியே வந்துவிடலாம். அந்த அவகாசம் எத்தனை நாள் என்பது கடனோடு வந்த கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் என்ற நிபந்தனைச் சுருக்கத்தில் இருக்கும், ஒரே நாளாகவும் இருக்கலாம். இன்றைக்கே திறந்து பாருங்கள். காலம் கடந்திருந்தால், கடன் தொகை மருத்துவமனைக்குப் போய்விட்டதா என்று கேட்டு, சிகிச்சை ரத்து, தொகையை நிறுவனத்துக்கே திருப்புங்கள் என்று இரு தரப்புக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள்.

மருத்துவமனைக்கு எழுதும்போது கோபம் வேண்டாம். தொலைபேசியில் பேசி முடிக்கவும் வேண்டாம். "நான் 26 வயதானவர், என் சம்மதம் பெறப்படவில்லை, மாற்று சிகிச்சைகள் விளக்கப்படவில்லை, சிகிச்சையை ரத்து செய்கிறேன், நியாயமான கழிவு போக மீதியைத் திருப்பித் தரவும், என் எக்ஸ்ரே, சிகிச்சைத் திட்டம், படிவத்தின் நகல் ஆகியவற்றைத் தரவும்." இவ்வளவு போதும். பல் மருத்துவர்களுக்கான 2014 நெறிமுறை விதிகளின்படி நோயாளியின் பதிவேடுகளை மூன்று வருடமாவது வைத்திருக்க வேண்டும், அதனால் இல்லை என்று சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய விலைப் பட்டியல், "முன், பின்" படங்கள், வாக்குறுதிகள் எதையும் அழிக்காதீர்கள். பின்னால் அவற்றைத் தாக்கல் செய்ய, பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-இன்படி ஒரு சான்றிதழோடு கொடுக்க வேண்டியிருக்கும். போனை மாற்றிவிட்டால் அதில் சிக்கல் வரும்.

எல்லாம் யோசித்து, வேறு டாக்டரிடமோ இங்கேயோ ஏதாவது ஒரு சிகிச்சை செய்துகொள்ள முடிவெடுத்தால், அதில் தப்பில்லை. அழகாகச் சிரிக்க ஆசைப்படுவதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எந்தெந்தப் பல், ஒவ்வொன்றுக்கும் என்ன சிகிச்சை, எவ்வளவு ராவப்படும், என்ன பொருள், உத்தரவாதம் எத்தனை வருடம், உடைந்தால் யார் செலவு என்பதை எழுதி வாங்குங்கள். ராவுவதற்கு முன் பற்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் வழக்கு என்று வந்தால், நிறம் மனதுக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் கவனக்குறைவு ஆகாது. சாதாரணத் திறமையுள்ள ஒரு பல் மருத்துவர் காட்டும் கவனத்தைக் காட்டவில்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். சம்மதம் சரியாகப் பெறவில்லை என்பது இதிலிருந்து தனியான குற்றச்சாட்டு. சிகிச்சை நன்றாகவே நடந்திருந்தாலும் அது நிற்கும்.

பணம் பதினைந்து இருபது நாளில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், பல விஷயங்கள் அங்கேயே முடிகின்றன. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சேலத்துக்கு அலைய வேண்டாம், நீங்கள் வசிக்கும் தருமபுரியிலேயே தாக்கல் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மனுவில் சேவைக் குறைபாடு என்பதை முதன்மையாக வையுங்கள். நியாயமற்ற ஒப்பந்தம் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால், அது சென்னையில் உள்ள மாநில ஆணையத்துக்குப் போகும். கெடு இரண்டு வருடம். ஆனால் மருத்துவமனைக்கான கடிதத்தைப் புதன்கிழமைக்குள் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.